லங்கா எங்கும் போகவில்லை

அன்புள்ள கோமதிக்கு,

இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நமக்குள் ஃபோன் பேச்சு எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். நான் ஆரம்பிப்பேன், நீ நடுவில் பாய்வாய், நான் குரலை உயர்த்துவேன், உன் அம்மா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் உன்னைச் சமாதானம் செய்வாள். கடைசியில் என்ன முடிவானது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. முழுவதும் படி. படித்து முடித்த பிறகு என்னைத் திட்டலாம், நான் கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். தை மாதம் வளைகாப்பு முடிந்ததும் உன்னைப் புனேயிலிருந்து பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் உன் மாமியாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நீதான் ஒரு நிபந்தனை போட்டாய். அந்தக் கிளி நம் டாக்குரியா வீட்டில் இருந்தால் வரமாட்டேன், புனேயிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்றாய். உன் அம்மா பதறிப்போய் சரி என்று சொல்லிவிட்டாள். பெஹாலாவில் ஒரு குடும்பத்தைப் பிடித்து, துர்கா பூஜை முடிந்ததும் வந்து கிளியை எடுத்துப் போங்கள் என்று ஏற்பாடும் செய்துவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகு எனக்கு இட்லி வைத்துக்கொண்டே செய்தியைச் சொன்னாள். நான் சட்னியைத் தொடவில்லை. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். நீயும் வருவாய், லங்காவும் இங்கேயே இருக்கும். இரண்டும் நடக்கும். எப்படி நடக்கும் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதை பேசியாக வேண்டும்.

லங்காவைக் கேட்டு வாங்கியது நீ. பதினொன்றாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வந்தால் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வாங்கித் தர வேண்டும் என்று என் தலையைத் தின்றாய். நான் பச்சைக்கிளி போதாதா என்றேன். நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம் அப்பா என்று எனக்கே பாடம் எடுத்தாய். வந்த முதல் நாளே அம்மாவின் அரிவாள்மணைப் பக்கத்திலிருந்து ஒரு பச்சை மிளகாயைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரி மேல் உட்கார்ந்து ரசித்துத் தின்றது. வங்காளியில் மிளகாய்க்கு லங்கா. வாலும் சிவப்பு. நீ அந்தப் பெயரையே வைத்துவிட்டாய். திருநெல்வேலியிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் பெயர்க்காரணம் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் வாய் வலித்தது. அரசாங்கத்தில் அதைப் பதிவு செய்ய அலைந்ததும் நான்தான்.

நீ பள்ளி முடிக்கும்வரை அது உன் தோளிலேயே குடியிருந்தது. நீ கணக்குப் போடும்போது பென்சிலைக் கடிக்கும். அழைப்பு மணி அடித்தால் உனக்கு முன்னால் அதுதான் ‘கே?’ என்று வங்காளியில் யார் என்று கேட்கும். உன் அம்மா குக்கரை ஏற்றும் முன்பே விசிலடித்து அவளை ஓட வைக்கும். நீ ஜாதவ்பூரில் படித்த காலம்வரைக்கும் ஒரு குறையும் இல்லை, சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வந்துவிடுவாய். பிறகு வேலை கிடைத்துப் புனேக்குப் போனாய். பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்சியில் ஏறினாய். எங்களிடம் சொல்லிக்கொண்டு போனாய். அதனிடம் என்ன சொல்ல முடியும்?

நீ போன கொஞ்ச நாளில் அது நெஞ்சு இறகைப் பிடுங்க ஆரம்பித்தது. இதை உன்னிடம் அப்போது அரைகுறையாகத்தான் சொன்னோம். புது வேலையில் இருக்கிற பெண்ணை அழவைக்க வேண்டாம் என்று அம்மா சொன்னாள். நெஞ்சு முழுக்க மொட்டையாகி, உரித்த கோழி மாதிரி நின்றது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஏதோ சொறி என்று நினைத்து வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினோம். உனக்குச் சின்ன வயதில் அக்கி வந்தபோது அம்மா தடவிய அதே மருந்து. பறவை உடம்பில் எண்ணெய் படவே கூடாது என்று எங்களுக்குத் தெரியாது. இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு அது நடுங்கியது. பிறகு கண் பட்டிருக்கும் என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள், அந்தப் புகையில் அது இன்னும் இருமியது. கிளிக்கு வந்தது ஏக்கம். நீ போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்கூடத்தான் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் எங்களுக்கு வெளியே காட்டாமல் இருக்கத் தெரிந்தது. அதற்குத் தெரியவில்லை.

அம்மாதான் அதைத் தேற்றினாள். கையிலேயே ஊட்டினாள், மடியில் வைத்து முதுகை நீவிவிட்டாள், டி.வி. பார்க்கும்போது பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். இறகு திரும்ப முளைத்தது. நீ விடுமுறைக்கு வந்தபோது அது அம்மாவைவிட்டு உன்னிடம் வரவில்லை, உனக்கு முகம் சுருங்கிப்போனது. நன்றி கெட்ட கிளி என்று சொல்லிவிட்டுப் போனாய். அது உன்னை மறக்கவில்லை, கோமதி. அதற்கு ஒரே ஒரு துணை வேண்டும், அந்தத் துணை தினமும் வீட்டில் இருக்க வேண்டும். அந்தக் கிளியின் பிறவிக் குணம் அது. அதில் நன்றியும் இல்லை, நன்றி கெட்டதும் இல்லை.

இப்போது கடித்த கதைக்கு வருகிறேன். போன வருடம் பூஜைக்கு நீயும் மாப்பிள்ளையும் வந்தீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு வருகிற முதல் நவராத்திரி என்று அம்மா ஒன்பது படி வைத்துக் கொலு கட்டினாள். ஹாலில் பாதி இடம் கொலுவுக்கே போய்விட்டது. அஷ்டமி அன்று சாயங்காலம் தெருமுனைப் பந்தலில் டாக் மேளம் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. செட்டியார் பொம்மை சாய்ந்திருக்கிறது என்று நீ கீழ்ப்படியில் கையை வைத்தாய். படிக்கு அடியிலிருந்து லங்கா பாய்ந்து வந்து உன் பெருவிரலைக் கவ்வியது. விடவே இல்லை. மாப்பிள்ளை துண்டைப் போட்டு இழுத்த பிறகுதான் விட்டது. கரியாஹாட் பக்கத்து நர்சிங்ஹோமில் தையல் போட்டார்கள். நீ அன்றைக்கு அழுதது வலியால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ வளர்த்தது உன்னையே கடித்துவிட்டது, அதுதான் உனக்குத் தாங்கவில்லை. மறுநாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினாய். அதற்குப் பிறகு லங்கா என்று நான் வாயெடுத்தாலே ஃபோனை வைத்துவிடுவாய். அதனால் அடுத்து நடந்தது எதுவுமே உனக்குத் தெரியாது.

அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நீ சொன்னாய், அம்மாவும் சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் இத்தனை வருடம் க்ரேன்களைக் கட்டிக்கொண்டு மாரடித்தவன் நான். சுமை விழுந்தால் ஆபரேட்டர் தூங்கிவிட்டான் என்று சொல்லி முடித்துக்கொள்கிற மேலதிகாரிகளோடு ஓயாமல் சண்டை போட்டிருக்கிறேன். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது, நமக்குத் தெரியாத காரணமாக இருக்கும், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் லங்காவின் மூர்க்கம் புதிதே இல்லை. மூன்று நான்கு வருடமாகவே நவராத்திரி வந்தால் அது உறுமும், கழுத்து இறகைச் சிலிர்க்கும், என்னைக் கண்டால் காலைக் கொத்த ஓடி வரும், தீபாவளிக்குள் தானாக அடங்கிவிடும். டாக் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் பந்தல்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஆனால் சரஸ்வதி பூஜைக்கும் அதே டாக்தான் அடிக்கிறார்கள். காளி பூஜைக்கு வெடி வேறு. அப்போதெல்லாம் பயந்து கூண்டு மூலையில் ஒண்டுமே தவிர யாரையும் கடித்ததில்லை. அப்படியானால் நவராத்திரியில் மட்டும் இந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

பதில் விஜயதசமிக்கு மறுநாள் கிடைத்தது. கொலுவைக் கலைத்து, வேட்டியை உருவி, படிகளைப் பிரித்தோம். படிக்கு அடியில் பொம்மை வைக்கும் தகரப் பெட்டி திறந்தபடி கிடந்தது. பொம்மை சுற்றிய பழைய செய்தித்தாள் எல்லாம் அதற்குள் நார் நாராகக் கிழிந்து ஒரு மெத்தையாகக் கிடந்தது. அந்த மெத்தைக்கு நடுவில் ஒரு முட்டை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடம் அவன் இவன் என்று பேசிக்கொண்டிருந்தோம். லங்கா பெண். நீ கையை வைத்த அந்தப் படிக்கு அடியில் அவள் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜாதவ்பூரில் பறவைகளுக்கு என்றே வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். ஜோடி இல்லாமல் முட்டை எப்படி என்று கேட்டேன். கோழி சேவல் இல்லாமல் முட்டையிடுவதில்லையா என்றார். பிறகு வீட்டில் ஒவ்வொரு நாளும் என்ன நடக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டார். நான் கொலுவைப் பற்றிச் சொன்னேன். படிக்கட்டு, மேலே விரித்த வேட்டி, அடியில் பெட்டி, பெட்டியில் காகிதம். அந்த ஒன்பது நாளும் அம்மா சாயங்காலம் சுடச்சுடச் சுண்டல் செய்து முதல் பிடியை லங்காவுக்குத்தான் ஊட்டுவாள். வந்தவர்கள் போகும்வரை விளக்கு எரியும், அதுவரை லங்கா அம்மா மடியில் படுத்து முதுகை நீவச் சொல்லும். டாக்டரம்மா சிரித்துவிட்டார். காட்டில் ஆண் கிளி செய்கிற வேலை அத்தனையும் நீங்கள் வீட்டோடு செய்திருக்கிறீர்கள் என்றார். இருட்டான பொந்து காட்டுவது, கிழிக்க ஏதாவது கிடைப்பது, மெத்தென்ற சூடான தீனியை வாயில் ஊட்டுவது, முதுகிலும் வாலடியிலும் தடவுவது. கூடவே நீண்ட வெளிச்சம். இத்தனையும் சேர்ந்தால் எந்தப் பெண் கிளிக்கும் முட்டையிடும் காலம் வந்துவிட்டதாகத்தான் தோன்றும். பொந்துக்குப் பக்கத்தில் யார் வந்தாலும் கொத்தும். நாம் பக்தியோடு கொலு வைத்து அவளுக்கு ஒரு பிரசவ அறையையே கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து இந்த ஒரு வருடமாக அவளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ வரும்போது உனக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், அதனால் சொல்கிறேன். கண்ணின் கருமணி சுருங்கிச் சுருங்கி விரிந்தால் அவள் உச்சத்தில் இருக்கிறாள், அது கோபமாகவும் இருக்கலாம், குஷியாகவும் இருக்கலாம், அந்த நேரத்தில் கையை நீட்டாதே. உடம்பை ஒல்லியாக்கி நெட்டையாக நின்றால் பயம். தலையைக் குனிந்து பிடரியைக் காட்டினால் சொறியச் சொல்கிறாள், அங்கே மட்டும் சொறியலாம், கழுத்துக்குக் கீழே கூடாது. தூங்கும் முன் அலகை அரைத்துக் கரகரவென்று சத்தம் எழுப்பினால் நிம்மதியாக இருக்கிறாள். தின்றதைக் கக்கி உன் முன்னால் வைத்தால் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அது அன்பு. அம்மா அதற்கு ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள், பாவம். கத்தினால் நாம் பதிலுக்குக் கத்தக் கூடாது. கூண்டை மூடித் தண்டிக்கவும் கூடாது. நாம் கத்தினால் அவளுக்குப் பேச்சுத்துணை கிடைத்த மாதிரி, இன்னும் கத்துவாள். அமைதியாக இருக்கும்போது போய்ப் பேச வேண்டும். இது தெரியாமல் எத்தனை வருடம் நானும் அவளும் போட்டி போட்டுக் கத்தியிருக்கிறோம், மேல்வீட்டுக்காரர்கள் எப்படித்தான் பொறுத்தார்களோ.

தயிர்சோறு, முறுக்கு எல்லாம் நிறுத்தியாயிற்று. நீ ஆசையாக வாங்கி அனுப்பிய நான்ஸ்டிக் தோசைக்கல் பரண்மேல் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. அது அதிகமாகச் சூடானால் வருகிற புகை பறவையைக் கொன்றுவிடும். அம்மா பழைய இரும்புக்கல்லைத் தேய்த்து எடுத்துவிட்டாள், தோசையும் முன்னைவிட நன்றாக வருகிறது. தீனியைக் கிண்ணத்தில் கொட்டாமல் காகிதத்தில் மடித்து வைக்கிறேன், தேடிப் பிரித்துத் தின்கிறாள். வேலை இருந்தால் அவளுக்கு வம்பு குறைவு, எனக்கும் ஓய்வுபெற்ற பிறகு அப்படித்தான் என்கிறாள் அம்மா. இருட்டியதும் சின்ன அறையில் விளக்கை அணைத்துத் தூங்க வைத்துவிடுகிறோம்.

ஆனால் இதெல்லாம் உண்மையா என்று தெரிய ஒரே ஒரு பரீட்சைதான் இருந்தது, இந்த வருட நவராத்திரி. அதற்குள் நீ உண்டாகிவிட்டாய், நிபந்தனையும் போட்டாய், பெஹாலா ஏற்பாடும் நடந்துவிட்டது. பூஜை முடியும்வரை பொறு என்று உன் அம்மாவிடம் கெஞ்சி வாங்கினேன். இடையில் ஒருநாள் பெஹாலாவுக்குப் போய் அந்த வீட்டையும் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல மனிதர்கள், ரசகுல்லா கொடுத்தார்கள், கூண்டும் பெரியது. ஆனால் கூண்டை டி.வி.க்குப் பக்கத்தில் வைப்பார்களாம், வருகிறவர்களுக்கெல்லாம் பேசிக் காட்ட வேண்டுமாம். பகலில் வீட்டில் யாரும் இல்லை. ஒரு முறை துணையைப் பறிகொடுத்து நெஞ்சை மொட்டையடித்துக்கொண்டவள் அங்கே என்ன ஆவாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரசகுல்லாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கொலுவை விடச் சொல்லி அம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே படிகளுக்கு ப்ளைவுட் அடித்தேன். முன்னும் பின்னும் பக்கமும் எங்கேயும் ஒரு விரல் நுழைய இடமில்லாமல் மூடி, அதற்கு மேல் வேட்டி விரித்தோம். தகரப் பெட்டி மாடிப்படிக்கு அடியில் பூட்டோடு போய்விட்டது. சுண்டலை உப்பில்லாமல் தனியாக எடுத்து ஆறவைத்துக் கிண்ணத்தில் வைத்தோம். முதுகைத் தொடவில்லை. விருந்தாளிகள் வரும் முன்பே அவள் சின்ன அறைக்குப் போய்விடுவாள். முதல் இரண்டு நாள் படிகளைச் சுற்றிச் சுற்றி நடந்து வாசல் தேடினாள். பிறகு போய்த் தன் காகிதப் பொட்டலங்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். டாக் அடித்தது. அடிக்கட்டும் என்று இருந்தாள்.

போன வருடத்திலிருந்து உன் அம்மா லங்காவைத் தொடவே இல்லை, அது உனக்குத் தெரியுமா? தீனி வைப்பாள், பேசுவாள், கையை மட்டும் நீட்டமாட்டாள். மகள் கையில் தையல் போட்டதைப் பார்த்தவள் அல்லவா. அஷ்டமி அன்று காலையில் அவள் கொலு முன்னால் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். லங்கா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் நடந்து வந்தாள். நான் எழுந்துவிட்டேன், துண்டு என் கையில் இருந்தது. அந்த இடத்தில்தான் நீ கடிபட்டாய். லங்கா கொலுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் முழங்கால் அருகில் வந்து நின்று, தலையைக் குனிந்து பிடரியைக் காட்டினாள். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். லங்கா குனிந்தபடியே நின்றாள். வெகுநேரம் கழித்து அம்மா ஒரு விரலால் சொறிந்துவிட்டாள், அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன்.

லக்ஷ்மி பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பெஹாலாக்காரர் வருவதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் நான் சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குத் தயாராக ஹாலுக்கு வந்தேன். இந்தக் கிளி போனால் நானும் போகிறேன் என்று சொல்வதாக இருந்தேன். அதற்குள் உன் அம்மா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய வங்காளி உனக்குத் தெரியுமே, காய்கறிக் கடைக்குத்தான் போதும். திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை, ‘தேபோ நா, தேபோ நா.’ கொடுக்கமாட்டோம் என்று அர்த்தம். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“முட்டைய வச்சுக்கிட்டு இருந்தவ கடிச்சா. அவள வெரட்டிவிட்ட வீட்டுலயாங்க எம் மக வந்து பிள்ள பெறணும்?”

நான் போட்ட சட்டையைக் கழற்றினேன்.

உன்னிடம் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே, கோமதி வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று தினமும் புலம்புகிறாள். உன் ஃபோன் வந்தால் கிளிப் பேச்சு வராமல் வேறு எதையாவது பேசிச் சமாளிக்கிறாள். அதனால்தான் நான் எழுதுகிறேன். இது இனி என் தீர்மானம் மட்டும் இல்லை, எங்கள் இரண்டு பேருடையதும்.

உன் பயம் நியாயமானது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளியிடமிருந்து கர்ப்பிணிக்கு நுரையீரல் காய்ச்சல் தொற்றலாம் என்று நீ படித்தது சரிதான். லங்காவுக்கு அந்தப் பரிசோதனை செய்தாயிற்று, இல்லை என்று வந்திருக்கிறது. நீ வருவதற்கு முன்னால் இன்னொரு முறையும் செய்யப் போகிறேன். இந்த ஜாதிக் கிளிக்கு உடம்பிலிருந்து மாவு மாதிரி தூசி உதிரும், அது குழந்தைக்கு ஆகாது. அதனால் அவள் கூண்டு தெற்கு பால்கனியை ஒட்டிய சின்ன அறைக்குப் போய்விட்டது, பால்கனிக்கு வலை அடித்துவிட்டேன், நடுவில் இரண்டு கதவு. நீயும் குழந்தையும் இருக்கப் போவது வடக்கு அறை. கூண்டு சுத்தம் செய்வது நான் மட்டும். சட்டை மாற்றிக் கைகால் கழுவாமல் உன் அறை வாசலை மிதிக்கமாட்டேன். குழந்தை இருக்கும் இடத்துக்கு அவள் வரமாட்டாள். குழந்தைக்குத் தலை காய வைக்கச் சாம்பிராணி போடுவேன் என்று அம்மா கிளம்புவாள், அதற்கும் தடை. அந்தப் புகை இரண்டு பேருக்குமே ஆகாது. இதில் மட்டும் நீ என் பக்கம் நிற்க வேண்டும், தனியாக அவளை என்னால் சமாளிக்க முடியாது.

இவ்வளவுக்கும் மேலே, உன்னைப் பார்க்கும் டாக்டர் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேல்மாடியில் ஒற்றை அறை காலியாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். நானும் லங்காவும் அங்கே போய்விடுவோம். சாப்பாட்டுக்கு மட்டும் கீழே வருவேன், அதுவும் குளித்துவிட்டு. நீ வேண்டுமா அவள் வேண்டுமா என்று கேட்டாய் அல்லவா? பெற்ற மகளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதா? தெரிந்துகொண்டே கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. ஒருத்தி இருக்க வேண்டுமானால் இன்னொருத்தி வெளியே போக வேண்டும் என்கிற பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்றுதான் ப்ளைவுட் அடித்தேன், வலை கட்டினேன், மாடி அறை கேட்டேன்.

லங்காவை நீ திரும்ப நேசிக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அவளைப் பார்க்கக்கூட வேண்டாம். அந்த விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது, அதை மறந்துவிடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். உன்மேல் பகை வைத்து அவள் கடிக்கவில்லை. அடியில் இருந்ததைக் காப்பாற்ற அவளுக்கு அந்த ஒரு அலகுதான் இருந்தது.

அம்மா வடக்கு அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டாள். ஆள் நாளைக்கு வருகிறான். வளைகாப்பு நாளை உன் மாமியாரிடம் கேட்டுச் சொல். நானே புனேக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வந்தால் புனேயிலேயே உட்கார்ந்து கோபப்படாதே. இங்கே வந்து கோபமாக இரு. அதற்கும் இதுதான் உன் வீடு.

அப்பா